பிரியரஸ் சொன்ன கதை

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்திய காலமெல்லாம் ஜெஃப்ரி சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலின் முன்னுரைப் பாட்டு என் பொறுப்பில்தான் இருந்தது. எம்.ஏ. முதலாண்டு மாணவர்களுக்கு அதை நான் நேர்மையாக நடத்தவில்லை. சோம்பல் பாதிக் காரணம், பயம் மீதிப் பாதி. பணி ஓய்வு பெற்ற பிறகு இதைச் சொல்வதால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் இந்தக் குற்றத்தோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பாவசங்கீர்த்தனத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று அந்த நூலின் கடைசியில் வரும் பங்குக் குரு நீளமாகப் பேசுகிறார். அவர் சொல்வதைக் கதை என்றே சொல்ல முடியாது. மனம் வருந்துவது, வாயால் அறிக்கையிடுவது, பரிகாரம் செய்வது என்று மூன்றாகப் பிரித்த உரைநடைப் பிரசங்கம் அது. தன் குற்றத்தை மட்டும் சொல், அடுத்தவன் குற்றத்தைச் சொல்லாதே என்கிறார். கொஞ்சத்தை ஒரு குருவிடமும் மீதியை இன்னொருவரிடமும் பிரித்துச் சொல்லக் கூடாது என்றும் சொல்கிறார். பாடத்திட்டம் அப்படி, தேர்வு முறை அப்படி, மாணவர்களின் ஆங்கிலம் அப்படி என்று நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானங்களை அந்த விதிப்படி தள்ளிவைக்கிறேன். பாடத்திட்டம் முன்னுரையை மட்டும்தான் கேட்டது. ஆனால் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரு கதையைச் சொல்லியிருந்தால் என்னை யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

நூலைப் படிக்காதவர்களுக்காகச் சில வரிகள். ஏப்ரல் மாதம். லண்டனுக்குத் தெற்கே, தேம்ஸ் நதியின் மறுகரையில் உள்ள சதர்க்கில் டாபர்ட் என்றொரு விடுதி. கேன்டர்பரி பேராலயத்தில் இருக்கும் புனித தாமஸ் பெக்கெட்டின் சமாதிக்கு யாத்திரை போகிறவர்கள் முப்பது பேர் போல அங்கே இரவு தங்குகிறார்கள். பெக்கெட் அந்தப் பேராலயத்துக்குள்ளேயே 1170ஆம் ஆண்டு டிசம்பரில் அரசனின் ஆட்களால் வெட்டிக் கொல்லப்பட்டவர். விடுதிக்காரர் ஹாரி பெய்லி ஒரு போட்டி வைக்கிறார். போகும்போது ஆளுக்கு இரண்டு கதை, திரும்பும்போது இரண்டு கதை. நன்றாகச் சொன்னவருக்கு இதே விடுதியில் மற்ற எல்லாரும் சேர்ந்து விருந்து போட வேண்டும். சாசர் 1387ஐ ஒட்டி இதைத் தொடங்கி, 1400இல் இறக்கும்போது முடிக்காமல் விட்டுவிட்டுப் போனார். நம் கைக்கு வந்திருப்பவை 24 கதைகள். அவற்றிலும் சில அரைகுறை.

முன்னுரைப் பாட்டு 858 வரி. யார் யார் வந்தார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள், எந்தக் குதிரையில் வந்தார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்று ஆளாளாகச் சொல்லிக்கொண்டு போகிறது. நான் நடத்தியது இதைத்தான். நைட் என்ற போர்வீரருக்கு அரைப் பக்கம், அவர் மகனுக்கு அரைப் பக்கம், வேட்டைப் பித்துப் பிடித்த துறவிக்கு அரைப் பக்கம். நோட்ஸ் கொடுப்பேன், எழுதிக்கொள்வார்கள். ‘சாசரின் குணச்சித்திரத் திறன்’ என்று ஒரு பெரிய கேள்வி, ‘திருச்சபையைச் சேர்ந்த பாத்திரங்கள்’ என்று இன்னொன்று. போர்வீரர் என்றால் வீரமும் அடக்கமும், துறவி என்றால் ஒழுக்கக்கேடு, பங்குக் குரு என்றால் தூய்மை. ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு சொல்லை ஒட்டிவிட்டால் பத்து மதிப்பெண் கிடைத்துவிடும். 858ஆம் வரியில் போர்வீரர் கதை சொல்ல வாயைத் திறக்கிறார். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடினேன். மாப்பிள்ளை அழைப்போடு பந்தலைப் பிரித்த கதைதான் அது. என்னிடம் படித்துத் தேறிப்போன எத்தனையோ பேர் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலின் ஒரு கதையைக்கூடக் கேட்டதில்லை.

இந்த நூலின் மிகப் புகழ்பெற்ற கையெழுத்துப் பிரதி எல்ஸ்மியர் பிரதி. சாசர் இறந்து சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது. இப்போது கலிபோர்னியாவில் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. அதில் கதை சொல்பவர்களின் வண்ணச் சித்திரங்கள் 23 உண்டு. அவற்றை முன்னுரைப் பாட்டின் ஓரத்தில் வரிசையாக வரைந்திருப்பார்கள் என்றுதான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே அவை இல்லை. ஒவ்வொருவரின் படமும் அவரவர் கதை தொடங்கும் பக்கத்தில் இருக்கிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு தோலில் எழுதிப் படம் போட்டவர்களுக்கு, ஆளின் முகத்தை அவர் சொல்லும் கதைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

முன்னுரையில் சாசர் போகிறபோக்கில் சொல்லும் சின்னச் சின்னத் தகவல்கள் பின்னால் கதைகளுக்குள்ளேதான் உயிர் பெறுகின்றன. ரீவ் என்ற பண்ணைக் காரியஸ்தர் இளமையில் தச்சுத்தொழில் பழகியவர் என்று முன்னுரையில் ஒரு வரி வருகிறது. அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லி ஒரு மதிப்பெண் கேள்வியும் கேட்டிருக்கிறேன். அந்த வரி எதற்காக அங்கே இருக்கிறது என்று நான் சொன்னதில்லை. போர்வீரர் தம் நீண்ட காதல் கதையை முடித்ததும், அடுத்து துறவியைச் சொல்லச் சொல்கிறார் விடுதிக்காரர். குடித்துவிட்டுக் குதிரையில் நேராக உட்கார முடியாத மாவாலைக்காரர் குறுக்கே புகுந்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தச்சனை அவன் இளம் மனைவியும் ஒரு மாணவனும் ஏமாற்றிய கதையை அவிழ்த்துவிடுகிறார். கூட்டம் சிரிக்கிறது. காரியஸ்தர் ஒருவர் முகம் மட்டும் சுருங்குகிறது, அவர் தச்சர் அல்லவா! கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்து ஊரில் ஒரு திருட்டு மாவாலைக்காரன் பட்ட அவமானத்தைப் பதில் கதையாகச் சொல்லித் தீர்த்துக்கொள்கிறார். விடுதிக்காரர் போட்ட வரிசை முதல் கதையோடு உடைந்துபோய், ஒருவர் கதைக்கு இன்னொருவர் கதை பதிலாகக் கிளம்பும் இடம் இது. பெரிய மனிதர் பேசிய பிறகு பெரிய மனிதர்தான் பேச வேண்டும் என்ற ஒழுங்கை ஒரு குடிகாரத் தொழிலாளி தட்டிவிடுகிறார். இந்த ஒரு திருப்பத்தை வகுப்பில் சொல்லியிருந்தால் போதும், பிள்ளைகள் மீதியைத் தாங்களே தேடிப் படித்திருப்பார்கள்.

அடுத்து சொல்லப்போவது இதைவிடக் கனமானது.

பாத் நகரத்திலிருந்து வந்த பெண் ஆலிசன். முன்னுரையில் அவரைப் பற்றிய வரிகள் வகுப்பில் எப்போதுமே கலகலப்பாகப் போகும். கலகலப்பாக்கியவன் நான்தான். சிவப்புக் காலுறை, கேடயம் அளவுக்குத் தொப்பி, பல்லிடுக்கு, ஜெருசலேமுக்கு மூன்று முறை யாத்திரை, தேவாலயத்தில் ஐந்து கணவர்கள். ‘ஐந்து’ என்று சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவேன். பையன்கள் சிரிப்பார்கள். பெண்கள் குனிந்து நோட்டைப் பார்ப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. பாடம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அதே இடத்தில் அவருக்குக் காது சற்று மந்தம் என்றும் சாசர் சொல்கிறார், பாவம் என்று ஒரு சொல்லையும் சேர்க்கிறார். காரணம் சொல்லவில்லை. நோட்ஸில் ‘உடல் அடையாளங்கள்’ என்ற தலைப்பின் கீழ் பல்லிடுக்குக்கு அடுத்தபடியாக அதையும் எழுத வைத்தேன்.

காது ஏன் மந்தமானது என்பதை ஆலிசன் தம் வாயாலேயே சொல்கிறார், தம் கதைக்கு முன்னால் பேசும் தன்வரலாற்றில். முழு முன்னுரைப் பாட்டின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும் பேச்சு அது. பன்னிரண்டு வயதில் முதல் கல்யாணம். முதல் மூன்று பேர் பணக்காரக் கிழவர்கள். நான்காவது ஆளுக்கு வேறொருத்தி இருந்தாள். ஐந்தாவது ஜான்கின், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த இருபது வயது இளைஞன். அப்போது ஆலிசனுக்கு வயது 40. தம் சொத்தையெல்லாம் அவனுக்கு எழுதிக் கொடுக்கிறார். அவனிடம் ஒரு புத்தகம் உண்டு. ஏவாளிலிருந்து தொடங்கி, ஆண்களைக் கெடுத்த பெண்களின் கதைகளாகத் தொகுத்த புத்தகம். இரவில் கணப்பருகே உட்கார்ந்து அதை அவருக்கே உரக்கப் படித்துக்காட்டுவான், சிரித்துக்கொண்டே. ஒரு நாள் இரவு பொறுக்க முடியாமல் அந்தப் புத்தகத்திலிருந்து மூன்று தாள்களைக் கிழித்து, அவன் கன்னத்தில் ஒரு குத்து விடுகிறார். அவன் நெருப்பில் மல்லாந்து விழுகிறான். எழுந்து வந்து தலையில் ஓங்கி அடிக்கிறான். செத்தவர்போலத் தரையில் கிடக்கிறார் ஆலிசன். அன்றிலிருந்து அந்தக் காது கேட்கவில்லை.

இந்த இடத்தில் அவர் கேட்கும் கேள்வியும் உண்டு. ஈசாப் கதை மரபில், மனிதன் சிங்கத்தை வெல்வதாக வரைந்த படத்தைப் பார்த்து, இதை வரைந்தது யார் என்று சிங்கம் கேட்கும். அதைத்தான் ஆலிசன் தம் கணவனின் புத்தகத்தை நோக்கிக் கேட்கிறார். இப்படிப்பட்ட புத்தகங்களை எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள், மடங்களில் உட்கார்ந்து எழுதியவர்கள். பெண்கள் எழுதியிருந்தால் ஆண்களின் அக்கிரமம் ஏட்டில் அடங்கியிருக்காது. பதினான்காம் நூற்றாண்டில் ஓர் ஆண் எழுதிய பாத்திரம் இப்படிப் பேசுகிறது. பிறகு அவர் சொல்லும் கதையே ஒரு போர்வீரன் வழியில் கண்ட பெண்ணைப் பலவந்தம் செய்வதில்தான் தொடங்குகிறது. அவன் தலை தப்ப வேண்டுமானால், பெண்கள் உண்மையில் விரும்புவது என்ன என்று ஓராண்டும் ஒரு நாளும் அலைந்து தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று அரசி தீர்ப்புச் சொல்கிறார்.

என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்களில் சிலருடைய வீட்டில் அடி உதை சாதாரணம் என்பது எனக்குத் தெரியும். கல்யாணம் நிச்சயமானதால் பாதியில் படிப்பை விட்டவர்கள் உண்டு. அவர்கள் முன்னால் நின்று ஓர் அடிபட்ட பெண்ணின் காதை நான் அங்க அடையாளமாகச் சொல்லிக்கொடுத்தேன், அவருடைய கல்யாணங்களை வைத்துச் சிரிக்க வைத்தேன். எல்லாம் தெரிந்துகொண்டா செய்தேன் என்று கேட்டால், முதல் சில ஆண்டுகள் தெரியாது. நான் ஆலிசனின் பேச்சைப் படிக்கவே இல்லை. கைடு படித்துத்தான் பாடம் நடத்தினேன். படித்த பிறகும் பழைய நோட்ஸை மாற்றவில்லை. மாற்றினால் முந்தைய ஆண்டுகளில் நடத்தியது தவறு என்று ஆகிவிடும் என்ற எண்ணம் தடுத்தது.

இதையெல்லாம்விட என்னை வாட்டுவது பிரியரஸ்.

பிரியரஸ் என்றால் கன்னியர் மடத்தின் தலைவி. பெயர் மேடம் எக்லன்டைன். முன்னுரையில் மிக நயமாக வரையப்பட்ட சித்திரம் அவருடையது. சாப்பிடும்போது உதட்டிலிருந்து ஒரு பருக்கை கீழே சிந்தாது, விரல்கள் குழம்பில் ஆழமாக முழுகாது, மேலுதட்டைத் துடைத்துவிட்டுத்தான் குடிப்பார், கோப்பையில் எண்ணெய்ப் பிசுக்கு மிதக்காது. பிரெஞ்சு பேசுவார், ஆனால் லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டில் கற்ற பிரெஞ்சு. பாரிஸ் பிரெஞ்சு தெரியாது. பொறியில் அகப்பட்டு ரத்தம் கசியும் எலியைப் பார்த்தால் அழுதுவிடுவார். குட்டி நாய்கள் வளர்த்தார். வறுத்த இறைச்சி, பால், உயர்ந்த வெள்ளை ரொட்டி என்று ஊட்டினார். யாராவது அவற்றைக் கோலால் அடித்துவிட்டால் கண்ணீர்தான். கையில் பவள ஜெபமாலை, அதில் தொங்கும் பொன் பதக்கத்தில் அன்பைப் பற்றி லத்தீனில் ஒரு வாசகம். ‘இளகிய மனம் படைத்தவர், சற்று நாகரிக மோகம் கொண்டவர்’ என்று நோட்ஸில் எழுத வைத்தேன். துறவிக்கு இத்தனை ஆடம்பரம் தகுமா என்று சாசர் மெல்லக் கிண்டல் செய்வதாகவும் ஒரு வரி சேர்த்தேன். அதோடு பிரியரஸ் முடிந்தார்.

அவர் சொன்ன கதை இது. ஆசியாவில் ஒரு நகரம், பெயர் இல்லை. அதில் யூதர் தெரு. அதன் ஒரு முனையில் கிறிஸ்தவக் குழந்தைகளின் பள்ளி. ஒரு விதவையின் மகன், ஏழு வயது. பெரிய பிள்ளைகள் மாதாவைப் புகழ்ந்து பாடும் லத்தீன் பாட்டு அவன் காதில் விழுகிறது. அர்த்தம் கேட்கிறான். சொல்லிக்கொடுக்கும் பெரிய பையனுக்கும் முழு அர்த்தம் தெரியாது. தன் பாடத்தை விட்டுவிட்டு, அடி விழுந்தாலும் பரவாயில்லை என்று அந்தப் பாட்டை மனப்பாடம் செய்கிறான் சிறுவன். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் யூதர் தெரு வழியாக அதைப் பாடிக்கொண்டே போகிறான். யூதர்கள் கூலிக்கு ஆள் வைத்து அவன் கழுத்தை அறுத்து மலக்குழியில் போட்டுவிடுகிறார்கள். இரவெல்லாம் தேடி அலைகிறாள் தாய். அவள் மகனைக் கூப்பிடும்போது, அறுபட்ட கழுத்தோடு குழிக்குள்ளிருந்து அந்தக் குழந்தை பாடுகிறது. நகரத்து நீதிபதி வருகிறார். கொலையைப் பற்றி அறிந்திருந்த யூதர்கள் எல்லாரையும் சித்திரவதை செய்து, குதிரைகளில் கட்டி இழுத்து, தூக்கில் போடுகிறார்.

இந்தக் கதை முழுவதும் ஏழேழு வரிகளாகக் கட்டப்பட்டிருக்கிறது. சிறுவனின் பாட்டுக்கும் தாயின் அலைச்சலுக்கும் கண்ணி கண்ணியாகக் கரையும் பிரியரஸ், அத்தனை பேரின் சாவையும் ஒரே கண்ணியில், ஏழே வரியில் முடித்துவிடுகிறார். அதில் ஒரு பெருமூச்சுகூட இல்லை. பொறியில் அகப்பட்ட எலிக்காக அழுதவர் இவர்தான். முன்னுரையின் எலியையும் கதையின் அந்த ஏழு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதவரை பிரியரஸை யாரும் அறிந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. நான் அறிந்தேன். ஆலிசன் விஷயத்தைப்போல இதில் அறியாமையைக் காரணம் காட்ட எனக்கு வழியில்லை. பணியில் சேர்ந்த சிறிது காலத்திலேயே இந்தக் கதையைப் படித்துவிட்டேன். படித்துவிட்டுத்தான் ‘இளகிய மனம்’ என்று எழுத வைத்தேன்.

ஓர் ஆண்டு, எங்கள் கல்லூரி நூலகத்திலிருந்து நெவில் காகில் இன்றைய ஆங்கிலத்தில் பெயர்த்த பெங்குவின் பதிப்பை ஒரு மாணவி எடுத்துப்போய் முழுவதும் படித்துவிட்டார். அவர் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவர். ஆசிரியர் அறைக்கு வந்து மேசை ஓரமாக நின்றார். விரலைப் புத்தகத்தின் பக்கத்துக்குள் வைத்திருந்தார்.

“சார், இவங்க ரொம்ப இளகின மனசுன்னு நோட்ஸ்ல இருக்கு. இதுல அத்தன பேரக் குதிரையில கட்டி இழுத்துத் தூக்குல போடுறாங்க. ஒரு வார்த்தகூட வருத்தப்படலையே சார். அப்ப பரிட்சையில நான் எப்படி எழுதறது?”

“நோட்ஸ்ல இருக்கிறதையே எழுதும்மா. கதை சிலபஸ்ல கிடையாது.”

“சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே எழுதினார். விடைத்தாளைத் திருத்தியது நான். முழு மதிப்பெண் போட்டேன். தம் கண்ணால் படித்து, தம் புத்தியால் கண்டதை ஒதுக்கிவைத்துவிட்டு, என் பொய்யைச் சுத்தமான ஆங்கிலத்தில் திருப்பி எழுதியதற்கான மதிப்பெண் அது.

பயம் என்று தொடக்கத்தில் சொன்னேன். எதற்குப் பயம்? எங்கள் வகுப்பில் யூதர் யாரும் இல்லை. கேள்வி கேட்க யாரும் வரப்போவதில்லை. சாசரை நினைத்துத்தான் பயந்தேன். மது வணிகரின் மகன், சுங்கத்துறையில் கம்பளிக் கணக்கு எழுதியவர், எல்லாத் தொழில்காரர்களையும் பார்த்துப் பழகியவர், யாரையும் வெறுக்காதவர், எல்லாருக்கும் இடம் கொடுத்தவர் என்று அவரைப் பற்றி நான் வகுப்பில் உருகி உருகிப் பேசுவேன். உண்மையாகவே அவரை நேசித்தேன். இந்தக் கதையை நடுவில் வைத்தால் அந்தப் பேச்சு நிற்காது. எனக்குப் பிடித்த ஒரு கவிஞரைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளைகளிடமிருந்து ஒரு கதையை மறைத்தேன்.

அந்தக் கதையின் பின்னணி நிஜமான ரத்தம். கிறிஸ்தவக் குழந்தைகளை யூதர்கள் சடங்குக்காகக் கொல்கிறார்கள் என்ற அவதூறு இங்கிலாந்தில் நார்விச் நகரத்தில் 1144இல் இறந்து கிடந்த ஒரு சிறுவனை வைத்துக் கிளம்பியது. 1255இல் லிங்கன் நகரத்தில் ஹியூ என்ற சிறுவனின் உடல் கிணற்றில் கிடைத்தபோது, மூன்றாம் ஹென்றி மன்னரே தலையிட்டார். 19 யூதர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். லிங்கன் பேராலயத்தில் அந்தச் சிறுவனுக்குச் சமாதி எழுப்பி வழிபட்டார்கள். 1290இல் முதலாம் எட்வர்ட் இங்கிலாந்திலிருந்து யூதர்கள் அனைவரையும் வெளியேற்றினார். அதாவது பிரியரஸ் கதை சொல்லும் காலத்தில் அந்த நாட்டில் யூத சமூகமே இல்லாமல் போய் நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அவர் ஒரு யூதரை நேரில் பார்த்திருக்கவே வாய்ப்புக் குறைவு. ஆனாலும் கதையின் முடிவில் லிங்கன் ஹியூவைக் கூப்பிடுகிறார், ஏதோ நேற்றுத்தான் நடந்ததைப்போல. நடந்து நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தாம் ஒரு வயதுகூட நிரம்பாத, பேசத் தெரியாத குழந்தையைப் போன்றவர் என்று கதைக்கு முன் மாதாவிடம் சொல்லிக்கொள்கிறார் பிரியரஸ். யாரோ சொல்லிக்கொடுத்த வெறுப்பை, அந்தச் சிறுவன் லத்தீன் பாட்டைக் கற்றதைப் போலவே, பொருள் கேளாமல் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார். கேட்ட யாத்திரிகர்கள் எல்லாரும் உருகி அமைதியாகிறார்கள். மறுத்துப் பேச அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

பிரியரஸைத் தோலுரிக்கத்தான் சாசர் இதை எழுதினார் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பிற்காலத்தில் நானும் கொஞ்ச காலம் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். இப்போது என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. சொல்பவரையே கதை காட்டிக்கொடுக்கும்படி நூலைக் கட்டியவர் சாசர்தான், அந்தக் கட்டுமானத்தில்தான் எலியும் யூதர்களும் ஒருவர் பெயரின் கீழ் வந்து சேர்கிறார்கள். ஆனால் நூலின் இறுதியில் அவரே மன்னிப்புக் கேட்டு எழுதிய உரைநடைக் குறிப்பில், பாவத்துக்குத் தூண்டும் கதைகளுக்காகத்தான் வருந்துகிறார். மாவாலைக்காரர் சொன்னதுபோன்ற கதைகள் அந்தக் கணக்கில் வரும். மாதாவின் அற்புதத்தைச் சொல்லும் பிரியரஸின் கதை அவர் காலத்துக் கணக்கில் புண்ணியக் கதை. அதற்காக அவர் வருந்தியிருப்பார் என்று நம்ப எனக்கு ஆதாரம் இல்லை. பெரிய கவிஞர் ஒருவர் தம் காலத்தின் கொடிய பொய்யை அழகான பாட்டாக்கினார். இதைச் சொல்லிவிட்டும் அவரை நேசிக்க முடியும் என்று என் மாணவர்கள் மேல் நான் நம்பிக்கை வைக்கவில்லை.

லிங்கன் பேராலயம் அந்த நம்பிக்கையை வைத்தது. ஹியூவின் சமாதி இருந்த இடத்தில், இந்தக் கதைகள் கட்டுக்கதைகள், இவற்றால் அப்பாவி யூதர்கள் பலர் உயிரிழந்தார்கள், இவை கிறிஸ்தவத்துக்குப் பெருமை சேர்க்கவில்லை என்ற பொருளில் ஓர் அறிவிப்பை 1950களில் வைத்தார்கள். நான் பாடம் நடத்தத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பு.

ஒப்புக்கொள்வதிலும் ஒரு மோசடி உண்டு என்பதைச் சாசரிடம்தான் படித்தேன். பார்டனர் என்பவர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பவர். தலையணை உறையை மாதாவின் முக்காடு என்றும், பன்றி எலும்பைப் புனிதர்களின் எலும்பு என்றும் காட்டிக் காசு பறிப்பவர். தாம் செய்யும் அத்தனை ஏமாற்றையும் சக யாத்திரிகர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். பேராசையை எதிர்த்துப் பிரசங்கம் செய்வதே தம் பேராசைக்குத்தான் என்கிறார். பிறகு ஒரு கதை சொல்கிறார். மரணத்தைக் கொல்லப் புறப்பட்ட மூன்று குடிகாரர்கள் மரத்தடியில் பொற்குவியலைக் கண்டு, பங்குக்காக ஒருவரையொருவர் கொன்று தீர்க்கிறார்கள். நம் நாட்டு வேதப்ப ஜாதகத்தில் திருடர்கள் விஷச் சோற்றாலும் வாளாலும் அழிந்துபோகும் அதே கதை எப்படியோ மேற்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஐரோப்பிய மொழிகளில் இதைவிடக் கச்சிதமாகச் சொல்லப்பட்ட சிறுகதை நான் படித்ததில்லை. கதையை முடித்த கையோடு, இத்தனையும் கேட்ட அதே கூட்டத்திடம், வாருங்கள், என் புனிதப் பொருள்களை முத்தமிட்டுக் காசு போடுங்கள் என்று பையைத் திறக்கிறார் பார்டனர். விடுதிக்காரர் கடுங்கோபத்தில் வசைபாட, போர்வீரர் குறுக்கே வந்து இருவரையும் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது.

நானும் இப்படி ஒரு கட்டுரை எழுதி, மனம் லேசாகி, வந்த வழியே போய்விட்டால் பார்டனருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. பங்குக் குரு சொன்ன மூன்றாவது பங்கு பரிகாரம். அந்த மாணவி இப்போது ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அவரைக் கண்டுபிடித்துப் பேசினேன். அந்த விடைத்தாளில் நீங்கள் எழுதியிருக்க வேண்டியது உங்கள் கேள்வியைத்தான், எழுதவிடாமல் செய்தது என் தவறு என்று சொன்னேன். அவருக்கு நினைவிருந்தது. அதற்கு மேல் அந்த உரையாடலை இங்கே எழுதும் உரிமை எனக்கு இல்லை. என் பழைய நோட்ஸின் நகல்கள் இன்னமும் மாணவர்கள் கையில் சுற்றுவதாகக் கேள்விப்பட்டேன். வைத்திருப்பவர்கள் பிரியரஸ் பக்கத்தையும் ஆலிசன் பக்கத்தையும் நம்ப வேண்டாம். அவை தவறானவை, எழுதியவன் சொல்கிறேன்.

இனி முன்னுரைப் பாட்டை நடத்தப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாக் கதைகளையும் நடத்த நேரம் இருக்காது, தெரியும். பிரியரஸின் கதை, அதற்கு முன் வரும் வேண்டுதலையும் சேர்த்து, 250 வரிகூட வராது. ஒரு வகுப்பு நேரத்துக்குள் படித்து முடிக்கலாம். எலிக்காக அவர் அழும் வரிகளை நடத்தும் அதே வாரத்தில் அந்தக் கதையையும் வகுப்பில் உரக்கப் படியுங்கள். படித்து முடித்ததும் முதலில் பிள்ளைகளைப் பேச விடுங்கள்.